ரெண்டு கட்டை ஐயர்

காலை எட்டு முப்பத்திரண்டுக்கு வேதமணி சுருதியை விட்டான்.

ஆராதனை எட்டரைக்குத் தொடங்கியிருந்தது. வெள்ளை அங்கியோடு பீடத்தின் முன் நின்று, சபையின் பக்கம் திரும்பி, “கர்த்தர் உங்களோடிருப்பாராக” என்று பாட வேண்டும். சபை எழுந்து அதே சுருதியில், “அவர் உம்முடைய ஆவியோடும் இருப்பாராக” என்று பதில் பாடும். லுத்தரன் கோயில்களில் இது நெடுநாள் வழக்கம். பாடுவதற்குப் பதில் பேசினால் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

வேதமணி பாடினான். முதல் சொல் ஓர் இடத்தில் இருந்தது. அடுத்த சொல் வேறு இடத்துக்குப் போனது. ஆண்கள் பக்கம் மேலே ஏறிப் பதில் சொன்னது. பெண்கள் பக்கம் கீழே இறங்கியது. பாடகர் குழு சும்மா இருந்தது. காம்பவுண்டுக்கு வெளியே ஒரு நாய் மட்டும் முழுதாகப் பதில் சொன்னது.

அவனுக்கு இருபத்தெட்டு வயது. நான்கு வருடம் இறையியல் படித்தான். ஹீப்ருவில் தொண்ணூற்றொன்று. கிரேக்கத்தில் எண்பத்தெட்டு. இரண்டு வருடமாக அடையாறு கருணைநாதர் கோயிலில் பயிற்சி. போன பிப்ரவரியிலேயே குருப்பட்டம் ஆகியிருக்க வேண்டும். ஜனவரியில் பேராயர் வந்தார். இந்த ஒரு வரியைக் கேட்டார். கோப்பில் ‘இன்னும் ஓராண்டு’ என்று எழுதிவிட்டுப் போனார். பேராயர் நன்றாகப் பாடுவார். பாட வராதவன் தலையில் கை வைக்க மாட்டேன் என்பது அவர் கொள்கை.

ஆராதனை முடிந்ததும் பெரிய ஐயர் அவனைக் கூப்பிட்டார். மூன்று வாரம் கழித்து வரும் ஞாயிறு பேராயர் மறுபடி வருகிறார் என்றார். வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் முறையும் தள்ளிப்போனவர்கள் இருவரை வேதமணிக்குத் தெரியும். ஒருவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறார். மற்றவர் இன்ஷூரன்ஸ் விற்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சபையில் குருவை ஐயர் என்பார்கள். பட்டம் பெற்றவர் பெரிய ஐயர். பெறாதவன் சின்ன ஐயர். கோயில் என்றால் மணிக்கூண்டும் சிலுவையும் உள்ள இந்தக் கட்டடம். பல தலைமுறையாக இப்படித்தான் சொல்கிறார்கள். காம்பவுண்டுக்குள் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

கோயிலைக் கூட்டுபவள் முத்துமாரி. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். காலையில் மயிலாப்பூரில் இரண்டு வீடு, பிறகு இங்கே; ஞாயிறு மட்டும் நேரே இங்கே. அவள் வேண்டுவது பாளையத்தம்மனை. விளக்குமாற்றை ஓரமாகச் சாய்த்துவிட்டு வேதமணியிடம் வந்தாள்.

“ஐயரே, தப்பா நெனச்சிக்காத. நீ பாட சொல்லோ நான் வெளிய போய் நின்னுக்குவேன்” என்றாள்.

வேதமணி தப்பாக நினைக்கவில்லை. முடிந்தால் அவனும் வெளியே போய் நின்றிருப்பான்.

மயிலாப்பூரில் தான் வேலை செய்யும் வீட்டில் ஓர் அக்கா பாட்டு கற்றுக்கொடுக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். மறுநாளே கேட்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவள் அந்த அக்காவிடம் சொன்னது இது:

“எங்க கோயில்ல சின்ன ஐயரு ஒர்த்தரு கீறாருக்கா. வேதமணினு பேரு. வேதமெல்லாம் படிச்சவரு. சங்கீதம் பாடுனா மட்டும் சுதி நிக்க மாட்டேங்குது. அத்த சரி பண்ணாதான் பட்டம் கட்டுவாங்களாம்.”

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வேதம் என்றால் முத்துமாரிக்கு பைபிள். சங்கீதம் என்றால் அதற்குள் இருக்கும் பாட்டு. இரண்டு சொல்லையும் அவள் அடையாற்றில்தான் கற்றுக்கொண்டாள். மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அவற்றுக்கு வேறு பொருள் உண்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரச்சொன்னார்கள்.

கதவைத் திறந்தவர் பாண்டுரங்கன். பாட்டு சொல்லிக்கொடுக்கும் வைதேகியின் மாமனார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். வேதமணியின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துத் திருப்தியானார். நெற்றியைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

“அழிஞ்சுடுத்தா?” என்றார்.

“பஸ்ல கூட்டம்” என்றான் வேதமணி. அவர் எதைக் கேட்டார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவர் உட்காரச் சொன்னார். காபி வந்தது. எந்தக் கோயில் என்று கேட்டார். அடையாறு கருணைநாதர் கோயில் என்றான். கேள்விப்பட்டதே இல்லையே, பழைய கோயிலா என்றார். நூற்றுப்பத்து வருடம் என்றான்.

“அம்பாள் பேரு?”

வேதமணிக்கு அப்போது புரிந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

“அம்பாள் இல்லைங்க.”

“சுவாமி மட்டுமா?”

“அவர் மட்டும்தான்.”

“விசேஷம்” என்றார் பாண்டுரங்கன். பிறகு, “ஜபமெல்லாம் உண்டா?” என்று கேட்டார்.

“தினமும் ரெண்டு வேளை.”

பாண்டுரங்கன் எழுந்து சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றினார். தை மாதம் அவருக்கு எழுபது முடிகிறது. வீட்டில் சாந்தி ஹோமம். ஜபத்துக்குப் பதினோரு பேர் வேண்டும், பத்துப் பேர்தான் தேறியிருக்கிறார்கள். காலண்டரின் பின்பக்கம் பத்துப் பெயர் இருந்தன. பதினோராவதாக ‘பிரம்மஸ்ரீ வேதமணி, அடையாறு’ என்று எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது வேதமணி வாயைத் திறந்திருந்தான். உண்மையைச் சொல்லத்தான் திறந்தான். அதற்குள் உள்ளேயிருந்து வைதேகி கூப்பிட்டாள்.

வைதேகிக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். விடிகாலையிலிருந்து நியூ ஜெர்சிப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் பாடம் எடுத்துவிட்டுத் தொண்டை கட்டி உட்கார்ந்திருந்தாள். முகவுரை எதுவும் இல்லை. ஸா பாடச் சொன்னாள். பாடினான். கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“இந்த சுருதியில பாடச் சொல்லி யார் சொன்னா?”

பெரிய ஐயர் இதில்தான் பாடுவார் என்றான்.

“அவர் தொண்டை அவருக்கு. நாலு கட்டை சுருதி உங்களுக்கு எதுக்கு?”

சுருதிப் பெட்டியின் திருகைத் திருப்பினாள். மூன்று. வேண்டாம் என்று தலையாட்டினாள். இரண்டு. “இப்போ.”

வேதமணி பாடினான். குரல் வைத்த இடத்தில் நின்றது. நகரவில்லை. அவன் பயந்துபோய் நிறுத்தினான். நிறுத்தாதேள் என்றாள். மறுபடி பாடினான். மறுபடியும் நின்றது. இரண்டு வருடம் ஒரு சபை முழுவதும் அவனுக்காகத் தலைகுனிந்திருந்தது. தவறு ஒரு திருகில் இருந்தது.

என்ன பாடவேண்டும் என்று கேட்டாள். ஒரே ஒரு வரி என்றான். வார்த்தையைச் சொல்லச் சொன்னாள்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த வரியின் முதல் சொல்லே எல்லாவற்றையும் சொல்லிவிடும். சொன்னால் காலண்டரில் பெயரை அடித்துவிடுவார். பெட்டியின் திருகு நாலு கட்டைக்கே திரும்பிவிடும்.

“வார்த்தை அப்புறம் சேத்துக்கிறேங்க. முதல்ல மெட்டு” என்றான். முணுமுணுத்துக் காட்டினான். அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் ஸ்வரம் எழுதிக் கொடுத்தாள்.

தான் சொன்னது எதுவும் பொய்யில்லை என்று பஸ்ஸில் தனக்கே சொல்லிக்கொண்டான். அடையாறு டெப்போ வருவதற்குள் நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது.

செவ்வாய், வியாழன் வகுப்புக்குப் போனான். பாண்டுரங்கன் ஒவ்வொரு முறையும் காபி கொடுத்தார். மாடவீதியில் யாரையோ பார்த்து, அடையாற்றில் அம்பாள் இல்லாத கோயில் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து ஒரு பிள்ளை ஜபத்துக்கு வருகிறான் என்று சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமை வேதமணி கோயிலில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகள் நடத்த வேண்டியிருந்தது. லுத்தரன் கணக்கில் எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சி பற்றியது. ஏழாவதை முடித்துவிட்டு ஒன்பதாவதுக்குப் போனான்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். கீபோர்டு வாசிக்கும் ராபர்ட் வரவில்லை. ராபர்ட் கால்டாக்சி ஓட்டுகிறார். கிண்டியில் சவாரி. இது வேதமணிக்கு நல்லதாயிற்று. ராபர்ட் இருந்தால் பெரிய ஐயரின் நாலு கட்டையைத்தான் கொடுப்பார். வேறு கட்டை அவருக்கு வராது.

உள்ளறையில் கைபேசியில் இரண்டு கட்டைத் தம்புராவைக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டான். பீடத்துக்கு வந்தான். சபையின் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான்.

“ஸா ஸா ரீ கா, ரீ கா ரீ ஸா.”

பாடி முடித்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு வாரமாக அவன் வாய்க்கு வேறு வார்த்தை கிடையாது.

நாற்பது பேரும் எழுந்தார்கள். “அவர் உம்முடைய ஆவியோடும் இருப்பாராக” என்று பாடினார்கள். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒரே இடத்தில் நின்றன. நாய் குரைக்கவில்லை. வார்த்தை இருந்த இரண்டு வருடம் வராத பதில் வார்த்தை இல்லாதபோது வந்தது. அதைப் பற்றி யோசிக்க வேதமணிக்கு நேரம் இல்லை.

கூட்டம் முடிந்து உள்ளறையில் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தான். ராபர்ட் வந்து கதவில் சாய்ந்தார். பாட்டு தொடங்கும்போதே கடைசி பெஞ்சுக்கு வந்துவிட்டாராம்.

“இன்னா ஐயரே அது? ஹீப்ரூவா?”

வேதமணி அங்கியின் பொத்தான்களில் மும்முரமாக இருந்தான். பதினான்கு பொத்தான்கள். கடைசிப் பொத்தானுக்கு வந்து தலையைத் தூக்கியபோது ராபர்ட் இல்லை.

மறுநாள் பெரிய ஐயர் கூப்பிட்டனுப்பினார். முகம் மலர்ந்திருந்தது. சபைக்குப் பெருமை என்றார். சின்ன ஐயர் ஹீப்ருவில் ஆசி சொன்னார் என்று நான்கு பேர் போன் செய்துவிட்டார்கள். நேற்று தானும் கேட்டதாகவும், கேட்டவுடனே தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். ஹீப்ரு படித்து அவருக்கு முப்பத்தைந்து வருடம் ஆகிறது. எந்த அதிகாரம் என்று கேட்க ஆரம்பித்து, தெரியும் தெரியும் என்று அவரே முடித்துக்கொண்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். இதை அறிக்கையில் எழுதிப் பேராயருக்கு அனுப்பியாகிவிட்டது. பேராயருக்கு ஒரே சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை அதையே பாடச் சொல்லியிருக்கிறார்.

வேதமணிக்கு அந்த வாழ்த்து உண்மையான ஹீப்ருவில் தெரியும். தொண்ணூற்றொன்று வாங்கியவன். அதைப் பாடிவிட்டால் பேராயருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஆனால் புதன்கிழமை பாடியது அது இல்லை. இரண்டாவது பொய்யை மூடுவதற்கு நல்ல மொழி ஒன்றைச் செலவு செய்வதா என்று யோசித்தான். முதல் பொய்யிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தான். முதல் பொய் மயிலாப்பூரில் இருந்தது.

வெள்ளிக்கிழமை போனான். வைதேகியிடம் வார்த்தையை எழுதி நீட்டினான். அவள் வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

“சர்ச்சா?”

“ஆமாங்க.”

அடுக்களையில் குக்கர் சத்தம் வந்தது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், முத்துமாரி மேல் தப்பில்லை, எங்கள் பக்கத்தில் ஐயர் என்றால் இப்படி, சங்கீதம் என்றால் இப்படி என்று வேதமணி சொல்லிக்கொண்டே போனான். அவள் கேட்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“‘கர்’ குறில். நான் அங்க நீட்டிருக்கேன். எதைப் பிடிச்சுண்டு நீட்டுவேள்?”

வேதமணி ‘கர்’ என்று வாய்க்குள் நீட்டிப் பார்த்தான்.

“நீங்க யாருங்கறதை மறைச்சது இருக்கட்டும். வார்த்தையை மறைக்கலாமா?” என்றாள். கோபம் நிஜமாக இருந்தது. பென்சிலை எடுத்து எழுதியதை எல்லாம் அடித்தாள். நீட்டலை ‘ளோ’வுக்கும் ‘ரா’வுக்கும் தள்ளினாள். பாடச் சொன்னாள். வார்த்தையோடு பாடினான். முதல் முறை ஸ்வரம் குறுக்கே வந்தது. ஒன்பதாவது முறை வரவில்லை.

“மாமனார்கிட்ட நீங்களே சொல்லிடுங்கோ” என்றாள். “பதினோராவது ஆள் நீங்கதான்.”

பாண்டுரங்கன் ஊஞ்சலை நிறுத்திவிட்டுக் கேட்டார். முழுவதும் கேட்டார்.

“அப்போ அம்பாள் நிஜமாவே கிடையாதா?”

“கிடையாதுங்க.”

அவர் முத்துமாரியைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“நீ கேக்கவேயில்லியே சாமி. கோயில்னேன், கோயில்தான். ஐயருன்னேன், ஐயருதான். அங்கயும் நான்தான் கூட்டுறேன், இங்கயும் நான்தான் கூட்டுறேன். எனுக்கு ரெண்டு பேச்சா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாண்டுரங்கன் காலண்டரைக் கழற்றினார். பதினோராவது பெயரின் மேல் பேனாவை வைத்தார்.

“ஜபம் தினமும் பண்றேன்னேளே. அதுவாவது நிஜமா?”

“அது நிஜம்.”

“என்ன பாஷைல?”

“தமிழ்லதாங்க.”

அவர் யோசித்தார். ‘பிரம்மஸ்ரீ’யை மட்டும் அடித்தார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் காலண்டரை மாட்டினார்.

சனிக்கிழமை வேதமணி பெரிய ஐயரிடம் போனான். மேசையில் பழைய ஹீப்ரு இலக்கணப் புத்தகம் விரித்துக் கிடந்தது. அட்டை தனியாக வந்திருந்தது. வேதமணி நின்றபடியே சொன்னான்.

“ஹீப்ரு இல்லையா?” என்றார் பெரிய ஐயர்.

“இல்லைங்க ஐயரே. சரிகம.”

அவர் புத்தகத்தை மூடினார். நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“மூணு நாளாத் தேடறேன். ‘ரிகா’ன்னு ஒரு வேர்ச்சொல் இருக்காப்லயே இருந்துச்சு” என்றார்.

பிறகு இருவருக்கும் பேராயர் ஞாபகம் வந்தது. அவரிடம் நீர் சொல்லும் என்றார் பெரிய ஐயர். அறிக்கை எழுதியது நீங்கள் என்பதை வேதமணி மரியாதையாக நினைவுபடுத்தினான். கடைசியில் பெரிய ஐயரே போன் செய்தார். பேராயர் தஞ்சாவூரிலிருந்து ரயிலில் வருகிறார், போன் அணைந்திருக்கிறது என்றார்கள். ஆராதனைக்கு முன் நேரில் சொல்லிவிடலாம் என்று முடிவானது.

ராபர்ட்டிடமும் பேச வேண்டியிருந்தது. நாளைக்கு மட்டும் கட்டை கொடுக்க வேண்டாம் என்றான். ராபர்ட் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அப்படியானால் நான் எதுக்கு, ஸ்பீக்கரைப் பாத்துக்கினு உக்காந்திருக்கவா என்றார். வேதமணி ஆமாம் என்று சொல்லிவிட்டான். அன்று அவனால் உண்மையை நிறுத்த முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேராயரின் கார் எட்டு இருபத்தெட்டுக்கு வந்தது. ரயில் தாமதம். நடந்துகொண்டே அங்கியைப் போட்டுக்கொண்டார். மணி அடித்துவிட்டார்கள். பவனி புறப்பட்டுவிட்டது. வேதமணி அவர் பக்கத்தில் போய், “ஐயா, ஒரு விஷயம்” என்றான். பேராயர் அவன் தோளைத் தட்டினார். “ஹீப்ரு” என்றார் புன்னகையோடு. கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கிவிட்டார்.

கோயில் நிறைந்திருந்தது. முதல் பெஞ்சு எப்போதும் காலி. லுத்தரன்கள் முதல் பெஞ்சில் உட்காருவதில்லை. இன்று அதில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பஞ்சகச்சம், நெற்றி நிறைய விபூதி, மடியில் துணிப்பை. பாண்டுரங்கன். பேராயர் அவரைப் பார்த்தார். பெரிய ஐயரைப் பார்த்தார். பெரிய ஐயர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்.

வேதமணி பீடத்துக்கு வந்தான். சபையின் பக்கம் திரும்பினான். இரண்டு கட்டையை மனதில் தேடினான். அங்கே ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அங்கே பேராயர் மட்டும்தான் இருந்தார். ராபர்ட் கீபோர்டுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாண்டுரங்கன் பைக்குள் கை விட்டார். வைதேகியின் சுருதிப் பெட்டியை எடுத்தார். அவளுக்கு நியூ ஜெர்சி வகுப்பு முடிந்திருக்காது. பெட்டியை மடியில் வைத்துத் திருகினார்.

தம்புரா ஒலி எழுந்தது. முதல் பெஞ்சிலிருந்து பீடம்வரை வந்தது. ரெண்டு கட்டை.

சபையில் சிலர் மின்விசிறியைப் பார்த்தார்கள். ராபர்ட் ஸ்பீக்கரைப் பார்த்தார். மைக் இரைகிறது என்று நினைத்து எழுந்து, நுனிக்காலில் சுவர் ஓரமாக ஆம்ப்ளிஃபயரை நோக்கி நடந்தார். அது முதல் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே போய்விட்டால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். பேராயர் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து ஒரு கையைக் காதருகில் கொண்டுபோனார். ஹீப்ருவுக்காகக் காத்திருந்தார்.

ராபர்ட்டுக்கு இன்னும் நான்கு அடி இருந்தது. பாண்டுரங்கன் தொடையில் விரலை வைத்துத் தாளத்துக்குத் தயாரானார். வேதமணி மூச்சை இழுத்து, குறிலில் நிற்காமல் ‘ளோ’வில் நீட்டி, தமிழில் பாடினான்:

“கர்த்தர் உங்களோடிருப்பாராக.”